இருக்கிறதா, கொடுக்குமா?

பெட்ரோல் காரில் ஏறி, சாவியை ஸ்டார்ட் வரை கொண்டுபோகாமல் ஒரு கட்டம் முன்னாலேயே நிறுத்துங்கள். டாஷ்போர்டில் விளக்குகள் எரியும். கூடவே பின் சீட்டுக்கு அடியிலிருந்து மெல்லிய ரீங்காரம் ஒன்று எழுந்து, ஏறக்குறைய இரண்டு விநாடியில் அடங்கும். டேங்கில் பெட்ரோலுக்குள் மூழ்கிக் கிடக்கும் மின்சாரப் பம்பு, எஞ்சினுக்குப் போகிற குழாயில் அழுத்தம் ஏற்றிவைக்கும் சத்தம் அது. ஒரே வண்டியைப் பல வருடம் ஓட்டியவர்களில்கூட நிறையப் பேர் இதைக் கேட்டதில்லை. சாவி போட்ட கையோடு ஸ்டார்ட் செய்துவிடுகிறோம். பாட்டு வேறு ஓடிக்கொண்டிருக்கும். என்றைக்கு அந்தச் சத்தம் வரவில்லையோ அன்றைக்குத்தான் அப்படி ஒன்று இருந்ததே தெரியவருகிறது.

அன்றைக்கு நடப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். செல்ஃப் நன்றாக அடிக்கும், எஞ்சின் சுற்றும், ஆனால் பிடிக்காது. பேட்டரி இருக்கிறது, ஹாரன் அடிக்கிறது, முள்ளைப் பார்த்தால் பெட்ரோலும் அரை டேங்க் இருக்கிறது. தள்ளிப் பார்க்கலாம் என்று ஒருவர் சட்டைக் கையை மடிப்பார். இன்னொருவர் தெரிந்த மெக்கானிக்குக்குப் போன் போடுவார். மறுமுனையிலிருந்து முதல் கேள்வி வரும்: "சாவி போட்டா பின்னாடி பம்ப் சத்தம் வருதாண்ணே?"

அம்பாசடர் காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. எஞ்சினே தன் கேம் ஷாஃப்டால் ஒரு சின்ன டயாபிரம் பம்பை மிதித்து மிதித்து, தனக்கு வேண்டிய பெட்ரோலைத் தானே இழுத்துக்கொண்டது. கையால் அடித்துப் பெட்ரோல் ஏற்ற அந்தப் பம்பில் ஒரு சிறு நெம்புகோலும் உண்டு. மின்சாரப் பம்பு அப்போதும் புதுமையல்ல. மோரிஸ் மைனரில் எஸ்.யூ. பம்பு ஒன்று டிக் டிக் என்று துடித்துக்கொண்டிருக்கும். நின்றுவிட்டால் ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டினால் மறுபடி துடிக்கும். ஆனால் அது பெரிய அழுத்தம் எதையும் தர வேண்டியிருக்கவில்லை. 1999-இல் தலைநகர் தில்லியின் புகையைக் கட்டுப்படுத்த உச்ச நீதிமன்றம் கெடு வைத்த பிறகு, நம் ஊர்ச் சின்னக் கார்களிலும் கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்தது. இன்ஜெக்டருக்கு மூன்று பார் அளவில் அழுத்தம் வேண்டும். அதைக் கொடுக்க டேங்குக்குள் ஒரு மின் மோட்டார், அதற்கு ஒரு பியூஸ், ஒரு ரிலே, ரிலேயை இயக்க மெக்கானிக்குகள் ஈசிஎம் என்று சொல்லும் கணினி. நாலு பொருளும் அவற்றுக்கு நடுவே சில மீட்டர் வயரும்தான். வண்டி நின்றால் இதற்குள்தான் தேட வேண்டும். தேடுவது எப்படி என்பதில்தான் ஒரு ஆள் எப்படி யோசிக்கிறார் என்பது வெளியே வருகிறது.

பியூஸில் ஆரம்பிப்பார்கள். அது நியாயம்தான். கையில் கிடைப்பது, விலை குறைவு, பிடுங்கிப் பார்க்கலாம். நமக்குப் பியூஸ் வீட்டு உறவு. சுவரில் வெள்ளைப் பீங்கான் கட்டை, அதில் சுற்றிய ஒற்றை இழைக் கம்பி, போனால் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மறுபடி சுற்றுகிற அப்பா. மின் கட்டணம் கட்டாத வீட்டில் வாரியத்து ஊழியர் பிடுங்கிக்கொண்டு போனதும் அந்தக் கட்டையைத்தான். காரில் அது நிறமுள்ள பிளாஸ்டிக் துண்டாக இருக்கிறது. சிவப்பு என்றால் 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. பம்புக்குப் பெரும்பாலும் நீலமோ மஞ்சளோ இருக்கும்.

15 ஆம்பியர் பியூஸ் 15-ஐத் தாண்டிய நொடியில் போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படிப் போவதில்லை. 10 சதவீதம் கூடுதலான மின்னோட்டத்தை அது 100 மணி நேரமாவது தாங்கியாக வேண்டும் என்பது இந்தத் தட்டைப் பியூஸ்களுக்கான விதி. 35 சதவீதம் கூடினால் 10 நிமிடத்துக்குள் உருக வேண்டும். இரண்டு மடங்கு வந்தால் 5 விநாடிக்குள். ஆகவே செத்த பியூஸைத் தூக்கி எறிவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே பட்டை வெடித்துச் சிதறி, பிளாஸ்டிக்கில் கரி அப்பியிருந்தால் எங்கோ வயர் உரிந்து பாடியைத் தொடுகிறது. எலி கடித்த வண்டிகளில் இதுதான் பார்க்கக் கிடைக்கும். பட்டை நடுவில் மட்டும் நிதானமாக உருகி விலகியிருந்தால் யாரோ கொஞ்ச நாளாக அதிகம் இழுத்திருக்கிறார்கள். அநேகமாகப் பம்பேதான். பில்டர் அடைத்துக்கொண்டாலும் உள்ளே தேய்ந்துபோனாலும் மோட்டார் திணறும், திணறும் மோட்டார் கூடுதலாகக் கரண்டு குடிக்கும். இந்த இரண்டாவது வகை பியூஸை மாற்றினால் வண்டி உடனே ஓடும். சில நாள் ஓடும். பிறகு வேறொரு தெருவில் நிற்கும்.

அந்த இரண்டாவது தெருவில்தான் 30 ஆம்பியர் பச்சை பியூஸைச் செருகுகிறார்கள், அல்லது சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளை மடித்து வைக்கிறார்கள். இதில் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. பியூஸ் பம்பைக் காப்பதற்காக இருக்கிறது என்ற நம்பிக்கை. பம்பு செத்தால் பியூஸுக்குக் கவலையில்லை. அது காப்பது வயரை. டேங்கிலிருந்து முன்புறம் வரை, சீட்டுக்கும் கார்ப்பெட்டுக்கும் கீழே, யார் கண்ணிலும் படாமல் ஓடுகிற வயர் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டு அதைவிடக் குறைவான பியூஸை வைக்கிறார்கள். பெரிய பியூஸைச் செருகிய பிறகு அந்தச் சுற்றில் மிக மெலிந்த பொருள் எதுவோ அதுதான் பியூஸ். பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் அது உருகுவதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

ரிலே இன்னும் சுவாரசியமான ஆசாமி. ஓர் அங்குலம் சுமாருக்கு ஒரு கறுப்புப் பெட்டி. அடியில் நாலு கால். 85, 86, 30, 87 என்று ஒரு ஜெர்மன் தர எண் வரிசைப்படி குறித்திருக்கும். புதுப்பேட்டையில் பழைய சாமான் விற்கிற பையனுக்கும் ஸ்டுட்கார்ட்டில் வண்டியை வடிவமைக்கிற பொறியாளருக்கும் இந்த எண்கள் பொதுவான பாஷை. 85-க்கும் 86-க்கும் நடுவில் ஒரு செம்புச் சுருள். அதில் ஒரு ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கரண்டு ஓடும். அது காந்தமாகி ஒரு சிறு தகட்டை இழுக்கும். தகடு 30-ஐயும் 87-ஐயும் சேர்க்கும். பம்புக்கு வேண்டிய ஐந்து, ஆறு ஆம்பியர் அந்த வழியாகப் பாயும். கணினிக்குப் பெரிய கரண்டைத் தொடும் தெம்பு கிடையாது. சின்னக் கரண்டால் பெரிய கரண்டுக்கு வழி திறந்துவிடுகிறது. 1830-களில் பிரின்ஸ்டனில் ஜோசப் ஹென்றி செய்துகாட்டிய உபாயம் இது. பிறகு தந்தி, தூரம் போகப் போகக் களைத்த சமிக்ஞையை ஊருக்கு ஊர் புது பேட்டரியிடம் ஒப்படைத்து அனுப்பியது இதே உபாயத்தால்தான். தந்தி போய்விட்டது, ரிலே போகவில்லை.

சாவி போட்டதும் இரண்டு விநாடிக்குப் பிறகு கணினி ரிலேயை விட்டுவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. வண்டி மோதி, குழாய் அறுந்து, எஞ்சின் நின்றுபோன நிலையில் பம்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் பெட்ரோல் தெருவில் ஊற்றும். அதனால் எஞ்சின் சுற்றுகிறது என்று சென்சார் சொன்னால்தான் பம்புக்கு அனுமதி. 1970-களின் பாஷ் நிறுவனத்து இன்ஜெக்ஷன் ஒன்றில் கணினியைக் கேட்காமலேயே இதைச் செய்தார்கள். எஞ்சின் உறிஞ்சுகிற காற்று ஒரு மடலைத் தள்ளித் திறக்கும், மடல் திறந்திருந்தால் பம்பு ஓடும், காற்று நின்றால் மடல் விழும், பம்பு நிற்கும். "ஓடுகிறேன்" என்று வாயால் சொன்னால் போதாது; மூச்சு விட்டுக் காட்ட வேண்டும். இதை ஏற்பாடு செய்தவர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

ரிலே கெட்டிருக்கிறதா என்று பார்க்கச் சாலையோரத்தில் ஒரு வழி உண்டு. பெரும்பாலான வண்டிகளில் ஹாரனுக்கும் அதே மாதிரி ரிலே இருக்கும். இரண்டையும் மாற்றிச் செருகு. வண்டி கிளம்பி ஹாரன் ஊமையானால் விஷயம் முடிந்தது. ஆனால் பலர் அதற்கும் முன்னாலேயே நின்றுவிடுகிறார்கள். ரிலேமேல் விரல் வைத்து, சாவி போடச் சொல்லி, "டிக்" என்று ஒரு துள்ளல் கேட்டதும், "ரிலே நல்லா இருக்கு சார்" என்கிறார்கள். அந்த டிக், சுருள் தகட்டை இழுக்கும் சத்தம். தகடு அசைந்தது என்று சொல்கிறது, அவ்வளவே. அசைந்த தகடு போய்த் தொடுகிற முனைகள் வருடக்கணக்கில் பொறி பட்டுப் பட்டுக் கருகிக் குழி விழுந்திருக்கலாம். அங்கே ஒரு ஓம் தடை ஏறியிருந்தால் போதும். பம்புக்குப் பன்னிரண்டு வோல்ட் போக வேண்டிய இடத்தில் எட்டரைதான் போகும். ரிலே டிக் என்னும், பம்பும் முனகும், அழுத்தம் வராது, வண்டி பிடிக்காது. எல்லாமே வேலை செய்வதற்கான அடையாளம் இருக்கும், வேலை மட்டும் நடக்காது.

கைதேர்ந்த எலக்ட்ரீஷியன் இந்த இடத்தில் ரிலேயைப் பிடுங்கிவிட்டு, அதன் சாக்கெட்டில் 30-ஐயும் 87-ஐயும் பியூஸ் வைத்த ஒரு சிறு வயரால் இணைப்பார். பம்பு ஓடினால் பியூஸ், வயர், பம்பு, எர்த் நாலும் ஒரே வீச்சில் விடுதலை. குற்றம் ரிலேயில், அல்லது அதை இயக்கும் பக்கத்தில்: கணினியில், சென்சாரில், சாவியின் சிப்பை அடையாளம் காணாத பூட்டில். ஓடாவிட்டால் அந்தப் பக்கம் எதையும் தொட வேண்டியதில்லை. இந்தப் பக்கம் மட்டும் தேடு. இப்படித் தேடுகிறவர் கெட்டதைத் தேடுவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். எது வரை நன்றாக வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போகிறார். கெட்டதைத் தேடுகிறவருக்குச் சந்தேகப்பட ஆயிரம் இடம் இருக்கிறது, ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதிது போட்டுக்கொண்டே வருவார், பில் ஏறும். நல்லதைத் தொடர்ந்து போகிறவருக்கு ஒரே ஒரு இடம்தான் மிஞ்சும்: நல்லது நின்ற இடம்.

அப்படியானால் நல்லது என்று எதை வைத்துச் சொல்கிறார்? இதில்தான் எனக்கு நெடுநாள் குழப்பம் இருந்தது.

வண்டிப் பட்டறைகளில் இரண்டு கருவிகளைப் பார்க்கலாம். ஒன்று மல்டிமீட்டர். எண் காட்டும், அழகாக இருக்கும். மற்றது டெஸ்ட் லேம்ப்: பழைய ஹோல்டரில் ஒரு இண்டிகேட்டர் பல்பு, இரண்டு வயர், ஒரு முனையில் கிளிப். படித்தவர் மீட்டரை எடுப்பார். பல்பைப் பார்த்தால் பழைய காலத்து வழக்கம் என்று தோன்றும். பம்பின் வயர் இணைப்பான கப்ளரைக் கழற்றி அதில் மீட்டரை வைத்தால் 12.4 என்று காட்டும். "லைன் வருது. பம்புதான் போச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடலாம். சீட்டைக் கழற்றி, டேங்கைத் திறந்து, ஆயிரக்கணக்கில் செலவு செய்து புதுப் பம்பு போட்டுச் சாவியைத் திருப்பினால், ஓடாது. (பம்பே குற்றவாளியாக இருப்பதும் உண்டுதான். 2020 ஜூலையில் மாருதி நிறுவனம் 1,34,885 வேகன் ஆர், பலேனோ கார்களைத் திரும்ப அழைத்தது பம்பில் குறை இருக்கலாம் என்றுதான்.) பல்பு வைத்திருப்பவர் அதே கப்ளரில் பல்பைச் சொருகுவார். பல்பு சோகை பிடித்துச் சிவப்பாக எரியும், அல்லது எரியவே எரியாது. மீட்டர் 12.4 காட்டிய அதே இடத்தில்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. நல்ல டிஜிட்டல் மீட்டருக்குள் வழக்கமாக 10 மெகா ஓம் தடை இருக்கும். பன்னிரண்டு வோல்ட்டை அளக்கும்போது அது எடுத்துக்கொள்வது ஒரு ஆம்பியரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய அளவு. அளக்கிற பொருளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அதுதான் அதன் பெருமை. அந்த ஒரு துளி, வயரில் முப்பது இழைகள் அறுந்து ஒற்றை இழை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தாலும் வந்து சேர்ந்துவிடும். களிம்பு பிடித்த முனையின் வழியாகவும் வந்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முழுகிய சென்னை வண்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ந்து ஓடிக்கொண்டிருந்த காரின் கப்ளருக்குள் மாதங்கள் கழித்துப் பச்சை பூக்கிறதென்றால் அது தண்ணீர் விட்டுப்போன வேலை. (உயிரோடு ஒட்டிய ஆணவத்துக்குச் செம்பின் களிம்பைச் சைவ சித்தாந்திகள் உவமையாகச் சொன்னார்கள். வெளியிலிருந்து வந்து அப்பியதல்ல, செம்போடே இருப்பது என்பது அவர்கள் வாதம். கப்ளரைத் திறந்து பார்க்கும்போது அந்த வாதத்தை மறுக்கத் தோன்றுவதில்லை.) பல்பு வேறு விதம். 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் கேட்கும். களிம்பேறித் தொட்டும் தொடாமலும் நிற்கும் ஒற்றை இழையால் அதைக் கொடுக்க முடியாது. கேட்டவுடன் வோல்ட் விழுந்துவிடும்.

இரண்டு கருவிகளும் ஒரே கேள்வியைக் கேட்பதாக நினைத்ததால்தான் குழப்பம். மீட்டர் கேட்பது: இருக்கிறதா? பல்பு கேட்பது: கொடுக்க முடியுமா?

எர்த் விஷயத்திலும் இதே கதை. கரண்டு வருகிற வழியைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள்; போகிற வழியை யாரும் பார்ப்பதில்லை. பம்பின் நெகட்டிவ் வயர் பின்பக்கம் எங்கோ பாடியில் ஒரு திருகில் முடிகிறது. திருகு துருப்பிடித்தால் பம்புக்கு முழு வோல்ட்டும் வந்து நிற்கும், திரும்ப வழியிருக்காது. அந்தச் சமயத்தில் பம்பின் நெகட்டிவ் காலிலும் மீட்டர் பன்னிரண்டு காட்டும். பார்ப்பதற்குச் செழிப்பு மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் பன்னிரண்டு, நடுவில் ஒன்றும் நடக்கவில்லை.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் இருக்கும் வித்தியாசம் தெரிந்த பிறகு பட்டறைக்கு வெளியிலும் அதை மறக்க முடியவில்லை. மழைக்காலத்துக்கு முன்னால் ஒவ்வோர் ஆண்டும் எல்லாம் தயார் நிலையில் இருப்பதாக அறிவிப்பு வரும். மோட்டார்கள் இத்தனை, படகுகள் இத்தனை, கட்டுப்பாட்டு அறைகள் இத்தனை. எண்ணிக்கை உண்மையாகத்தான் இருக்கும். அது மீட்டர் அளவு. உறவிலும் அப்படித்தான். கல்யாண மண்டபத்தில் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுன்னா ஒரு போன் போடு, நாங்க இருக்கோம்" என்கிற சித்தப்பா பொய் சொல்லவில்லை. அவர் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் இரவு முழுக்க ஒருவர் உட்கார வேண்டும் என்று வரும்போதுதான் பல்பு சொருகப்படுகிறது. அன்றைக்கு அவர் வராமல் போனால் நாம் ஏமாற்றிவிட்டார் என்கிறோம். எனக்கு இப்போது அப்படித் தோன்றுவதில்லை. ஒற்றை இழையில் தொங்குகிற வயருக்கே அது தெரியாது. யாரும் கேட்காத வரைக்கும் அதனிடமும் பன்னிரண்டு வோல்ட்தான் இருக்கிறது. மனிதர் தம்மைப் பற்றி வைத்திருக்கும் நல்லெண்ணத்தில் பெரும்பகுதி பாரம் ஏற்றாமல் அளந்தது. பாரம் ஏறும் நாளில் எதிராளிக்கு முன்னால் அவரே திடுக்கிட்டுப்போகிறார்.

இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் மெதுவாகத்தான் ஒப்புக்கொள்ள முடிந்தது. மீட்டருக்கு முழு உண்மை கிடைக்காததற்குக் காரணம் அதன் நாசூக்கு. அது எதையும் எடுத்துக்கொள்வதில்லை. யாருக்கும் தொந்தரவு தரக் கூடாது, எதையும் யாரிடமும் கேட்கக் கூடாது என்று வாழ்ந்தவர்களை எங்கள் தலைமுறை மிகவும் மெச்சியது. அது நல்ல குணம்தான். ஆனால் அப்படி வாழ்ந்தவருக்குத் தம்மைச் சுற்றி இருப்பவர்களில் யாரால் கொடுக்க முடியும் என்பது கடைசி வரை தெரியாமலே போய்விடுகிறது. கொடுக்கக் கூடியவருக்கும் கொடுக்கும் வாய்ப்புக் கிடைப்பதில்லை. ஒன்றே முக்கால் ஆம்பியரை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு வெளிச்சம் காட்டுகிற பல்புக்குத்தான் அந்த வயரைப் பற்றி முழுதாகத் தெரிகிறது.

பாரம் என்பது கரண்டு மட்டுமா என்றால், இல்லை. சூடும் பாரம், நேரமும் பாரம். 1980-களின் கடைசியிலும் 90-களிலும் வந்த ஹோண்டா அக்கார்டு, சிவிக் கார்களின் மெயின் ரிலே இதற்குப் பேர்போனது. டாஷ்போர்டுக்கு அடியில் ஒரே பெட்டிக்குள் இரண்டு ரிலே; ஒன்று கணினிக்கு, ஒன்று பம்புக்கு. அமெரிக்காவில் வெயில் காலத்தில் மூடிவைத்த கார் உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும்போது ஸ்டார்ட் ஆகாது. ஜன்னல்களைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் நின்றால் ஆகிவிடும். மெக்கானிக் வந்து சேரும்போது வண்டி ஒன்றும் தெரியாததாக ஓடும். ரிலேயைத் திறந்து பார்த்தவர்கள் கண்டது, பலகையில் கால்களைப் பிடித்திருக்கும் ஈயத்தைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு வட்ட விரிசல். குளிர்ந்திருக்கையில் ஒட்டிக்கொண்டிருக்கும், சூடேறினால் விலகும். சூட்டுக்கோலை வைத்து ஈயத்தை மறுபடி உருக்கிவிட்டால் சரியாகிவிடும். ரிலேயை மாற்றக்கூட வேண்டியதில்லை. ஆனால் அந்த விரிசலைக் காலை எட்டு மணிக்கு எந்த மீட்டரும் எந்த பல்பும் காட்டாது. அதன் நண்பகலில் போய் அதைச் சந்திக்க வேண்டும். நம் எலக்ட்ரீஷியன்களிடம் இதற்கும் ஒரு வழி இருக்கிறது. வண்டியைக் கொண்டுபோய் வெயிலில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவார்கள். வேலை நடக்கவில்லை என்று வண்டிக்காரர் முணுமுணுப்பார். வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஹோண்டாவைத் திறக்கவாவது முடிந்தது. 2011 மாடல் ஜீப் கிராண்ட் செரோக்கி, டாட்ஜ் டுராங்கோ வண்டிகளில் பம்பு ரிலேயை ஒரு பெரிய மின்பெட்டிக்குள்ளேயே பற்றவைத்து மூடிவிட்டார்கள். ஹாரன் ரிலேயோடு மாற்றிப் பார்க்கவும் வழியில்லை. சூட்டில் உள்ளே தொடுமுனைகள் உருக்குலைந்து, ஓடுகிற வண்டிகள் நின்றன. 2014-இல் கிரைஸ்லர் அமெரிக்காவில் மட்டும் சுமார் 1,89,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அவர்கள் செய்த பரிகாரத்தைக் கேட்டால் சிரிப்பு வரும்: பெட்டிக்கு வெளியே தனியாக ஒரு ரிலேயை வைத்துக் கொடுத்தார்கள். பழைய காலத்து வண்டியில் எங்கே இருந்ததோ அங்கே.

பல்பைப் புகழ்ந்துவிட்டு ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் போகக் கூடாது. பம்புக்குப் போகிற வயரில் அதை வைக்கலாம்; அது ஆம்பியர் கணக்கில் கொடுப்பதற்கென்றே போட்ட வயர். கணினியிலிருந்து ரிலேயின் சுருளுக்கு வருகிற மெல்லிய வயரில் அதே பல்பை மாட்டினால், சுருள் கேட்பதைப் போலப் பத்து மடங்கை அது கணினியிடம் கேட்கும். உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் கருகிவிடும். நல்லதாக இருந்த பொருள், நல்லதா என்று சோதித்ததால் கெட்டது. அங்கே மீட்டர்தான் சரி, அல்லது சிட்டிகை கரண்டு எடுக்கிற எல்.இ.டி. விளக்கு. கேட்காமல் விட்டால் தெரியாது, அதற்காக எல்லாரிடமும் எல்லாவற்றையும் கேட்டுவிடவும் முடியாது. கொடுப்பதற்கு எவ்வளவு அகலத்தில் அமைந்திருக்கிறார்களோ அந்த அளவில் கேட்க வேண்டும். எலக்ட்ரீஷியன் பல்பைக் கையில் எடுப்பதற்கு முன் வயரை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்ப்பது இதற்காக. அது எவ்வளவு தடிமன் என்று விரல் சொல்லும். மனிதர்களை உருட்டிப் பார்க்க விரல் போதாது. பழக வேண்டியிருக்கிறது, வருடங்கள் ஆகின்றன. சித்தப்பாவிடம் ஆஸ்பத்திரி இரவைக் கேட்டிருக்க வேண்டுமா, மறுநாள் காலைக் காபியைக் கேட்டிருக்க வேண்டுமா என்பது முன்னாலேயே தெரிந்திருந்தால், அவரும் குன்றிப்போயிருக்க மாட்டார், நாமும் குறை பேசியிருக்க மாட்டோம். சிலரால் காபி மட்டும்தான் முடியும். அது தவறாமல் வரும்.

களிம்பு எடுத்து, முனையை இறுக்கி, புது ரிலே செருகி, எர்த் திருகைத் தேய்த்து மாட்டிய பிறகு வண்டி ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும். வண்டிக்காரர் நிம்மதியில் பர்ஸை எடுப்பார். தொழில் தெரிந்தவர் அப்போது வாங்க மாட்டார். "இருங்க சார். ஏசியப் போடுங்க, ஹெட்லைட்டையும் போடுங்க. வீட்ல எல்லாரையும் ஏத்திக்கிட்டு மேம்பாலம் ஏறி இறங்கி ஒரு ரவுண்டு வாங்க. வந்து ஆஃப் பண்ணி, கால் மணி நேரம் வெயில்ல போட்டு, மறுபடி அடிச்சுப் பாப்போம். காசு எங்க ஓடிடப்போகுது?"